கங்காரு பாயாத இறக்கம்

இஞ்சருங்கோ,

உங்கள் படம் ஒன்று குசினி மேசையில் கிடக்கிறது. சுமதி கெல்லிவில்லிலிருந்து வந்து, உங்கள் அலுமாரியைத் தலைகீழாகக் கிண்டி, எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தெருவை மறித்துப் பூட்டிய இரும்புக் கடவைக்கு முன்னால் ஒரு கையைச் சைக்கிளிலும் மற்றக் கையை இடுப்பிலும் வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். பின்னால் பள்ளத்தாக்கு, அடியில் ஆறு, எட்டத்தில் பனி கிடக்கிற மலை. அத்தனையையும் விலை கொடுத்து வாங்கியவர் மாதிரி ஒரு சிரிப்பு. நீங்கள் செத்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற நினைவு மலருக்கு இதுதான் அட்டைப் படமாம். "அப்பா எவ்வளவு ஹப்பியா நிக்கிறார் பாருங்கோ அம்மா," என்றாள் உங்கள் மகள். நிற்பீர்கள்தானே. அந்தப் படத்தை எடுத்தவள் நான். கமராவை நான் பையில் வைத்து முடிக்க முதலே பிள்ளையைத் தூக்கிச் சைக்கிள் பாரில் வைத்தவர் நீங்கள்.

அட்டையோடு விட்டாளா? "உள்ளுக்கை முதல் பக்கம் உங்கட பேரிலை வரவேணும். அப்பாவுக்கு எழுதுற கடிதம் மாதிரி. அந்தக் கங்காருக் கதையை எழுதுங்கோ. எல்லாருக்கும் அது விருப்பம்," என்றாள். எல்லாருக்கும் விருப்பம்தான். எனக்கு விருப்பமா என்று இத்தனை வருசத்தில் ஒருவர் கேட்டதில்லை.

செத்தவரைப் பற்றி நல்லதாக எழுத வேண்டுமாம். உங்களோடு சீட்டு விளையாடியவர்கள் எழுதட்டும், கோயில் கமிட்டியில் உங்களுக்கு மாலை போட்டவர்கள் எழுதட்டும். நான் எழுதினால் நடந்ததைத்தான் எழுதுவேன். உங்கள் பொய் என் பெயரில் அச்சாகி, டூங்கபியிலிருந்து மெல்பேர்ன் வரைக்கும் வீட்டுக்கு வீடு போய்ச் சாமியறைத் தட்டில் குந்தியிருக்க நான் விடமாட்டேன். உயிரோடு இருக்கும்போது நான் இந்தக் கதையை எடுத்தால் பேப்பரைத் தூக்கிக்கொண்டு மற்ற அறைக்குப் போய்விடுவீர்கள். இப்போது போக இடமில்லை, இருந்து கேளுங்கள்.

கொழும்பில் சாமான் கட்டியபோதே உங்கள் புத்தி தெரிந்தது. என் தையல் மெசினுக்குப் பெட்டியில் இடமில்லை என்றீர்கள். அந்த இடத்தில் உங்கள் சைக்கிள் வந்தது. பார் வைத்த, கம்பிப் பிரேக் வைத்த, கிழட்டு எருமை மாதிரிப் பாரமான சைக்கிள். பள்ளிக்கூடக் காலத்தில் சோளகக் காற்றுக்கு எதிராகப் பெடலை உழக்கி யாழ்ப்பாணம் முழுக்கச் சுற்றியதாகக் கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொல்வீர்கள். சுற்றியிருப்பீர்கள், நான் மறுக்கவில்லை. நானும்தான் அதே காற்றில் உழக்கிப் பள்ளிக்கூடம் போனேன், பிறகு படிப்பிக்கவும் போனேன். அது கதையாகச் சொல்லுகிற சங்கதி என்று எனக்குத் தோன்றியதில்லை.

மெல்பேர்னில் அந்தச் சைக்கிள் பிளாட்டுக்குப் பின்னால் நின்று துருப்பிடித்தது. பிறகு வடகிழக்கு மலைக்குள் அணை கட்டுகிற இடத்தில் உங்களுக்கு வேலை கிடைத்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. சுமதிக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தது. இந்த நாட்டாரும் தங்கள் மலைகளை அல்ப்ஸ் என்றுதான் சொல்கிறார்கள் என்று நீங்கள் சொன்னபோது பகிடி விடுகிறீர்கள் என்று நினைத்தேன். ஜூன் மாதத்துக் காலையில் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து கிடந்தபோதுதான் நம்பினேன். வேலைக்காரக் குடும்பங்களுக்கென்று அவசரத்துக்கு எழுப்பிய மரவீடுகள். ஒரு கடை. மீன் கிடையாது, தேங்காய் கிடையாது. தமிழ் பேச உங்களை விட்டால் ஆள் கிடையாது, நீங்களோ இருட்டிய பிறகு வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு நித்திரையாகிவிடுவீர்கள். பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டு றோசாவும் அந்தத் தெருவும்தான்.

பள்ளத்தாக்கு முழுதும் தண்ணீருக்குள் போகப் போகிறது என்று மலையின் இடுப்பில் புதுத் தெரு வெட்டி, காரையும் லொறியையும் அதில் விட்டுவிட்டார்கள். ஆற்றோரமாகப் போன பழைய தார்த்தெருவைக் கடவை போட்டுப் பூட்டினார்கள். கடவையின் கரையில் ஒரு ஆள் நுழைகிற இடைவெளி. சைக்கிளைச் சரித்தால் அதுவும் நுழையும். அந்தப் பக்கம் போய்விட்டால் ஒரு கார் வராது, ஒரு ஹோர்ன் கேட்காது. அவ்வளவு நல்ல தெருவை மனிசர் பாவிக்காமல் விட்டிருந்தது எனக்கு நம்ப முடியாமல் இருந்தது.

றோசா இத்தாலிக்காரி, புருசனுக்கு அணைச் சுரங்கம் வெட்டுகிற வேலை. கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து எனக்குத் தந்தாள். அவளுடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் சேர்ந்தாலும் ஒரு வசனம் முழுதாக வராது. ஆனால் காலையில் சுமதியை அவள் தன் பிள்ளைகளோடு வைத்திருப்பாள் என்றும், பின்னேரம் அவளுடைய பிள்ளைகளை நான் பார்ப்பேன் என்றும் இரண்டு பேருக்கும் வடிவாக விளங்கியது. உங்களிடம் சொன்னேன், ஒளிக்கவில்லை. நீங்கள் சோற்றிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னீர்கள்: "இஞ்சரும், எஞ்சினியற்றை மனுசி சைக்கிளிலை திரியிறது வடிவில்லை. போறதெண்டால் ஒருத்தரும் காணாத இடத்திலை போம்." ஒருவரும் காணாத இடம் அந்த ஊரில் ஒன்றுதான் இருந்தது. போனேன்.

கடவையைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் தெரு மட்டமாகப் போகும். அதற்கப்பால் இறக்கம். மூன்று வளைவு போட்டு மலையிலிருந்து ஆறு வரைக்கும் விழுகிற இறக்கம். யாழ்ப்பாணத்தில் இறக்கம் என்றால் மதகைத் தாண்டி நாலு முழம் இருக்கும், பெடலை விட்டுவிட்டுக் காலை நீட்டிக்கொண்டு போவோம். இதை மேலே நின்று பார்த்துவிட்டு முதல் நாள் சைக்கிளில் ஏறவே இல்லை. கையால் பிடித்துக்கொண்டு நடந்தேன். மூன்றாவது வளைவில் மலையிலிருந்து சரளைக்கல் உருண்டு வந்து தெருவில் பரவிக் கிடந்தது. அதைக் காலால் தள்ளிப் பார்த்தேன், சறுக்கியது. அடுத்த நாள் முதலாவது வளைவு வரைக்கும் ஓடினேன், பிறகு நடந்தேன். இறக்கம் தொடங்க முதலே பிரேக்கைப் பிடிக்க வேண்டும், இறுக்கிப் பிடிக்காமல் பிடித்துப் பிடித்து விட வேண்டும், வேகம் வந்த பிறகு பிடித்தால் அது கேளாது என்று அந்தத் தெருதான் எனக்குச் சொல்லித் தந்தது. ஒரு கிழமைக்குள் ஆறு வரைக்கும் போய்விட்டேன்.

அடியில் தெரு ஆற்றோடு சேர்ந்து நேராகப் போகும். தண்ணீர் கல்லில் மோதுகிற சத்தம் கூடவே வரும். பொப்லர் மரங்கள் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருக்கும், சருகுக்கு மேலால் ரயர் போகும். ஆட்கள் விட்டுவிட்டுப் போன வீடுகள், ஒரு சின்னப் பள்ளிக்கூடம், இத்தாலிக்காரர் புகையிலை உலர்த்திய உயரமான கொட்டில்கள். ஒரு கொட்டிலுக்குள் தலையை விட்டேன், புகையிலை மணம் அப்படியே அடித்தது. நான் றோசாவின் பழைய காற்சட்டையைப் போட்டுக்கொண்டு, சேட்டுக் கையை மடித்துவிட்டு, அந்தத் தெரு முழுக்க என்னுடையது என்று ஓடினேன். பாட்டும் பாடினேன். இந்த நாட்டுக்கு வந்ததற்கு அன்றுதான் முதன்முதலாகச் சந்தோசப்பட்டேன். உங்களுக்கு அது தெரியாது. என்றைக்காவது "எப்பிடி இருந்தது?" என்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

இன்னொரு ஆள் சொல்லித்தான் உங்களுக்கு அது உறைத்தது. றோசாவின் புருசன் வேலைத்தலத்தில் வைத்து, "உன் மனுசி ஆறு வரைக்கும் போய் அதே சைக்கிளில் ஏறி வருகிறாளாமே, கெட்டிக்காரி," என்று சொல்லியிருக்கிறான். பாவம், நல்லதாக நினைத்துத்தான் சொன்னான். நீங்கள் அன்று பின்னேரம் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை நாங்கள் உந்த ஆத்தடிக்குப் போவம்," என்றீர்கள்.

நாங்கள் என்றால் என்ன என்று ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது. நீங்கள் சைக்கிளில், நான் நடையில். "உமக்கென்னத்துக்கு இண்டைக்குச் சைக்கிள்? சாப்பாட்டுப் பையைக் கொண்டு நடந்து வாருமன்." பையில் புளிச்சோறும் பிளாஸ்கும். கடவையடியில் படம் எடுக்கச் சொன்னீர்கள், எடுத்தேன். அதற்குப் பிறகு பிள்ளையைத் தூக்கினீர்கள்.

நான் சொன்னேன். இறக்கத்தில் பிள்ளையைப் பாரில் ஏற்ற வேண்டாம் என்று சொன்னேன். அது மட்டத் தெருவில் செய்கிற வேலை என்று சொன்னேன். மேலேயே பிரேக்கைப் பிடியுங்கோ, மூன்றாவது வளைவில் கல் இருக்கு என்று சொன்னேன். நீங்கள் திரும்பியும் பார்க்காமல், "மூண்டு பேரை ஏத்திக்கொண்டு கீரிமலைக்குப் போனவன் நான். எனக்குப் பிரேக் பிடிக்கப் படிப்பிக்கிறீரோ? நீர் பேசாமல் பையைக் கொண்டு வாரும்," என்றீர்கள். கீரிமலைக்குப் பெயரில்தான் மலை, தெரு முழுக்க மட்டம். சுமதி சிரித்துக்கொண்டு மணியை அடித்தாள்.

மேலே நின்றால் மூன்று வளைவும் தெரியும். முதலாவது வளைவு வரைக்கும் நீங்கள் பிரேக்கைத் தொடவே இல்லை, இறக்கத்தில் உழக்கினீர்கள். எந்த விசரன் மலையிறக்கத்தில் உழக்குவான்? இறக்கம் என்ன என்று தெரியாத ஊரில் சைக்கிள் பழகியவன்தான் உழக்குவான். இரண்டாவது வளைவில் பயம் பிடித்து இரண்டு பிரேக்கையும் ஒன்றாக அமத்தினீர்கள். அது கத்தியது எனக்கு மேலே கேட்டது. மூன்றாவது வளைவில் முன் சில்லு கல்லில் சறுக்கியது. பிள்ளை ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். தெருவில் வேறு ஒன்றும் இல்லை. ஒரு குருவிகூட இல்லை.

எனக்குக் கத்தக்கூட வாய் வரவில்லை. பையை எறிந்துவிட்டு ஓடினேன். சுமதியின் வலது முழங்கை மற்றப் பக்கம் திரும்பியிருந்தது. உங்களுக்கு உள்ளங்கையில் உரசல். கடவை பூட்டு, கார் வராது, மேலே ஏறித்தான் போக வேண்டும். பிள்ளையை நான் தூக்கினேன். நீங்கள் சைக்கிளைத் தூக்கினீர்கள். சில்லு வளைந்து உருளாமல் நின்றது என்று தோளில் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தீர்கள். அதை அங்கேயே எறிந்துவிட்டு வந்து பிள்ளையை ஒரு வளைவுக்கு வாங்கியிருக்கலாம். நான் ஒரு வளைவிலும் நிற்கவில்லை. கடவைக்குக் கிட்ட வரும்போதுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

"நீர் கண்டனீரோ? ஒரு கங்காரு குறுக்காலை பாய்ஞ்சது."

"இல்லை," என்றேன்.

"நீர் மேலை நிண்டனீர். உமக்குத் தெரிஞ்சிராது. பாய்ஞ்சது."

விழுந்த அதிர்ச்சியில் உளறுகிறீர்கள் என்று நினைத்தேன். முதலுதவிக் கொட்டிலில் இருந்த நேர்ஸ் கேட்டபோது தெளிவாகச் சொன்னீர்கள், கங்காரு என்று. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இந்த நாட்டில் கங்காரு என்று சொன்னால் ஒருவரும் மறுகேள்வி கேட்பதில்லை, அது உங்களுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. மெல்பேர்ன் ஆஸ்பத்திரியில் கங்காரு கொஞ்சம் பெரிதாகியது. அங்கே தமிழ் வீடுகளில் விருந்துக்குப் போனபோது அதற்கு உங்கள் உயரம். சிட்னிக்கு மாறி டூங்கபியில் வீடு வாங்கிய பிறகு அது உங்களை முறைத்துப் பார்க்கவும் தொடங்கியது. அதோடு இன்னொன்றையும் சேர்த்தீர்கள். "இவ பின்னாலை நிண்டு கத்தினவ. என்னெண்டு திரும்பினன், அந்த நேரம் பார்த்துக் கங்காரு." கதிரையில் சாய்ந்து, கையை விரித்து, மூச்சை இழுத்துச் சொல்வீர்கள். சபை முழுக்கச் சிரிக்கும். "அன்ரி, நீங்கள் கத்தாமல் விட்டிருந்தால் அங்கிள் சைக்கிளை வெட்டித் திருப்பியிருப்பார்," என்று ஒரு பொடியன் எனக்குப் புத்தி சொன்னான். நான் வடைத் தட்டோடு நின்றேன்.

சபையில் உங்களைப் பொய்யர் ஆக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு முறையும் சொன்னேன். "ஆக்கள் சிரிக்கினம், விடுமன்," என்பீர்கள். ஒரு நாள் மட்டும் குரல் மாறிக் கேட்டீர்கள்: "பிள்ளை தகப்பனை நம்பட்டும் எண்டு விட ஏலாதோ உமக்கு?" அதற்காக விட்டேன். உங்களுக்காக இல்லை, அவளுக்காக. அவளுடைய கை நேராக நீளாது என்று நடன ரீச்சர் நோகாமல் சொல்லி அனுப்பியபோது அவள் காருக்குள் இருந்து அழுதாள். நீங்கள் ஸ்டியறிங்கைப் பிடித்துக்கொண்டு, "எல்லாம் அந்தக் கங்காருவாலை வந்தது," என்றீர்கள். அன்றைக்கு உங்களோடு ஒரே காரில் இருந்தது எனக்குப் பெரிய பாடு.

விபத்துக்கு அடுத்த கிழமை நீங்கள் செய்ததை மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா? நான் ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு நிற்க, என் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய் றோசா வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தீர்கள். "இனி இந்த வீட்டிலை சைக்கிள் எண்ட பேச்சில்லை. உந்த ரோட்டு ஆபத்தான ரோட்டு." விழுந்தவர் நீங்கள், தெரு பறிபோனது எனக்கு. அடுத்த வருசம் மெல்பேர்னுக்குத் திரும்பினோம். பிறகு அணை நிரம்பியது. வளைவும் பள்ளிக்கூடமும் கொட்டிலும் பொப்லரும் எல்லாம் தண்ணீருக்கு அடியில். போய்ப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்டதற்கு, "அங்கை இப்ப என்ன இருக்கு?" என்றீர்கள். சிட்னியில் சைக்கிள் வாங்கவா என்று கேட்டதற்கு, "உந்த ட்ரபிக்குக்கை போய்ச் சாகப் போறீரோ?" என்றீர்கள்.

உங்களுக்கு எல்லாம் தெரியும். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு எத்தனை தரம் உங்களோடு காரில் வந்திருப்பேன். இறக்கம் வருகிறது என்றால் மேலேயே பிரேக்கில் கால் வைப்பீர்கள். பிடித்துப் பிடித்து விடுவீர்கள். பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடித்தாலும் அசைய மாட்டீர்கள். நான் சொன்னது காதில் விழுந்துதான் இருக்கிறது. என்னிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

இதுவரைக்கும் நேற்று எழுதினேன். மிச்சம் இன்றைக்கு.

பகல் சுமதி பக்கத்தை வாங்க வந்தாள். வாங்கி வாசிக்கிற அளவுக்கு அவளுக்குத் தமிழ் ஓடாது, நான்தான் வாசிக்க வேண்டும். எனக்கு வாசிக்க மனம் வரவில்லை. வாயால் சொன்னேன். "பிள்ளை, அண்டைக்குக் கங்காரு இல்லை. அது கொப்பர் கட்டின கதை."

"வாட்? இல்லை அம்மா, நான் கண்டனான். எனக்கு நல்ல ஞாபகமிருக்கு. பிரவுண் நிறம். ரோட்டுக்கு நடுவிலை நிண்டு என்னைப் பார்த்தது."

பார்த்தீர்களா, என்ன வேலை செய்து வைத்திருக்கிறீர்கள் என்று? ஐம்பது வயதை எட்டிய பிள்ளை. தன் வாழ்க்கையில் முதல் ஞாபகம் அதுதான் என்று தன் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தவள். அவளுடைய தலைக்குள் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை நான் கையால் பிடித்து வெளியே இழுக்க வேண்டியிருந்தது. நீங்கள் கதிரையில் சாய்ந்து சொன்னதற்கு நான் இந்தக் கிழட்டு வயதில் கூலி கொடுக்கிறேன். உங்களைப் பேச வேண்டிய பேச்செல்லாம் வாயில் வந்தது, விழுங்கினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் முதலிலிருந்து சொன்னேன். அவள் வலது முழங்கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை. உங்களை மாதிரியே நெற்றியைச் சுருக்கிக் குறுக்குக் கேள்வி கேட்டாள்.

"நீங்கள் மேலை நிண்டனீங்கள். அப்பா பிரேக் பிடிச்ச விதம் பிழையெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இறக்கம் தொடங்க முதலே பிடிக்க வேணும். இறுக்கக் கூடாது. இப்பிடிப் பிடிச்சு, விட்டு, பிடிச்சு. மூண்டாவது வளைவிலை உடம்பை உள்பக்கம் சரிச்சு, கல்லுக்கு வெளியாலை வரவேணும்," என்றேன்.

சொல்லும்போது என் இரண்டு கையும் மேசைக்கு மேல் எழும்பிவிட்டன. விரல் மடிகிறது, விரிகிறது. உடம்பு கதிரையில் ஒரு பக்கம் சரிகிறது. முழங்கால் இரண்டும் மாற்றிப் போட்ட முழங்கால், அவையும் மேசைக்கடியில் அசைகின்றன. எனக்கே தெரியாது, அந்தத் தெரு இவ்வளவு முழுதாக எனக்குள் கிடக்கிறது என்று. அணைத் தண்ணீர் அங்கே வரவில்லை.

சுமதி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கங்காருவைப் பற்றி அவள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. உங்களைப் பற்றியும் கேட்கவில்லை. என்னை முதல் தரம் காண்கிற ஆள் மாதிரி மேலும் கீழும் பார்த்தாள்.

"அம்மா," என்றாள், "உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?"

உங்களுக்குக் கொள்ளி வைத்த அன்று வராத அழுகை அப்போது வந்தது. கங்காருவைக்கூட உங்களுக்கு விட்டுக்கொடுத்திருப்பேன். முழங்கை வளைந்ததைக்கூட ஒரு விபத்து என்று ஒரு நாள் விட்டிருப்பேன். நான் பெற்ற பிள்ளை, என் கையில் சோறு தின்று வளர்ந்த பிள்ளை, என்னைப் பார்த்து இதைக் கேட்கும்படி வைத்துவிட்டுப் போனீர்களே, அதை மட்டும் விடமாட்டேன். எந்தச் சாமி வந்து கேட்டாலும் விடமாட்டேன்.

முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்துவிட்டுச் சொன்னேன்.

"ஓம். கொப்பரை விட நல்லாய் ஓடுவன்."